கீழே மூன்று, வட்டம், இடது ஒன்று, வட்டம்

ராகலை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, சலூனுக்கு மேல்மாடியில் ஒரு கேம் கடை இருந்தது. மரப்படி ஏறிப் போக வேண்டும். மூன்று டிவி, மூன்று மெஷின், உட்கார ஒரு நீள வாங்கு, சில பிளாஸ்டிக் கதிரைகள். தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கி ஐந்தாறு வருடம் அந்தக் கடை ஓடியது. அங்கே வைத்து நான் ஒருவரைப் பழிவாங்கினேன். கையை ஓங்கவில்லை. கெட்ட வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். இதை எழுதும்போதாவது வெட்கம் வருமா என்று பார்த்தேன். ஓர் ஆளை நினைத்தால் மட்டும் வருகிறது. அந்த ஆள் நான் பழிவாங்கியவர் இல்லை.

நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அப்போது அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதன்பிறகு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். தூளைச் சலிக்கும் அறையில் கூட்டிப் பெருக்குவதும், மூட்டை கட்டுவதும், மூட்டையின் மேல் ரகத்தின் எழுத்தை அடிப்பதும் என் வேலை. தகட்டை வைத்துக் கறுப்பு மையைத் தேய்த்தால் ஆங்கில எழுத்து விழும். எந்தத் தகடு எந்தத் தூளுக்கு என்று அதன் உருவத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். வாசிக்கத் தெரியாது.

பேச்சும் எனக்கு வராது. கடையில் சீனி கேட்பதற்குக் கூட மற்றவர்கள் வாங்கிப் போகும்வரை காத்து நிற்பேன். ஆனால் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தால் பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்த இடம் எனக்குப் பிடித்தது.

கடைக்குப் பலரும் வந்தாலும் நடு டிவி ஒரு கோஷ்டிக்குச் சொந்தம் மாதிரி. நான் உட்பட ஏழு பேர். ஃபுட்போல் கேம் ஒன்றைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள். அதுவும் ஒரே ஒரு சீடீ. ஜப்பான்காரனுக்காகச் செய்த சீடீ என்று முதலாளி சொல்வார். திரையில் இருக்கும் எழுத்து முழுக்க மழைப்பூச்சி செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தின் கடைசிப் படிப்பான ஏ.எல். படித்தவனுக்கும் அது புரியாது, எனக்கும் புரியாது. அந்த ஒரு விஷயத்தில் அங்கே எல்லாரும் சமம்.

ஆகவே எல்லாவற்றையும் எண்ணிக்கையில் மனப்பாடம் செய்துவைத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கக் கைப்பிடியின் அம்புப் பொத்தானில் கீழே ஒன்று, பிறகு வட்டம் போட்ட பொத்தான். ஆட்களை மாற்றக் கீழே இரண்டு, வலது ஒன்று, வட்டம். எங்கள் கோஷ்டியின் போட்டி, யார் யாரை வென்றது, எத்தனை கோல், எல்லாம் ஒரு சின்ன மெமரி கார்டில் இருந்தது. அதைத் திறக்கக் கீழே மூன்று, வட்டம், இடது ஒன்று, வட்டம். இதைப் பாட்டு மாதிரிச் சொல்வார்கள். புதிதாக யாராவது வந்து அமர்ந்தால், "மொதல்ல மூணு கீழ கத்துக்க, அப்புறம் பந்தத் தொடு" என்பார்கள்.

கோஷ்டிக்குத் தலைவர் எங்கள் தோட்டத்து டிவிசனில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் மகன். என் வயதுதான். ஏ.எல். வரை படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் படியின் உச்சியில் நின்று, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மாதிரியே பெயர் கூப்பிடுவார். பிந்தி வருபவனுக்கு அரைப் பேர், அதாவது பாதி ஆட்டம்தான். அவருடைய அப்பா பெரட்டுக் களத்தில் கூப்பிடும் அதே தொண்டை. எல்லாரும் சிரித்துக்கொண்டே "ஆஜர்" என்பார்கள். என் முறை வரும்போது மட்டும் பெயர் இருக்காது.

"அஞ்சாம் வகுப்பு வந்திருக்கா?"

"ம்" என்பேன்.

"சத்தமா சொல்லுடா. ஸ்டோர்ல மெஷின் சத்தத்துல காது போச்சா?"

அதற்கும் சிரிப்பு. நானும் சிரிப்பேன்.

அவர்கள் ஆடும் முறை ஒன்றுதான். பந்தை எடுத்து ஓரமாக ஓட்டிக்கொண்டு போய் நடுவுக்கு உயரமாகத் தூக்கிப் போட்டுத் தலையால் அடிப்பது. ஒன்றரை வருடம் எல்லாரும் அதையே செய்தார்கள். ஒருநாள் எனக்கு ஒன்று பட்டது. முன்னால் ஓடாமல் பந்தைப் பின்னால் தட்டினால், எதிராளியின் ஆட்கள் எல்லாரும் பந்தைத் தேடி முன்னால் வந்துவிடுகிறார்கள். அப்போது தரையோடு ஒரு நீளத் தட்டு தட்டினால் கோலி தனியாக நிற்கிறான். அன்று கணக்கப்பிள்ளை மகனுக்கு நான்கு கோல் போட்டேன். அந்தக் கடையில் அதுவரை அவருக்கு யாரும் நான்கு போட்டதில்லை.

அவர் கைப்பிடியைக் கீழே வைத்தார்.

"இது என்னடா ஆட்டம்? பின்னால தட்டுறது ஆம்பள ஆடுற ஆட்டமா?"

"கோல் விழுந்திச்சில்ல" என்றார் லொறிக்காரர். கோஷ்டியில் வயதில் மூத்தவர், மரக்கறி லொறி ஓட்டுபவர்.

"விழுந்தா? இது நம்ம ஆட்டம் இல்லண்ணே. இனிமே பின்னால தட்டுனா கோல் கணக்குல வராது. எல்லாரும் கேட்டுக்கங்க."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் மூன்று பேர் முந்தின வாரம்தான் அதே மாதிரித் தட்டுவது எப்படி என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டுக்கொண்டு போனவர்கள். அன்று முதல் நானும் ஓரமாக ஓடி உயரமாகத் தூக்கிப் போட்டேன். தோற்றேன்.

இப்படி இருக்கும்போது அந்தக் கேமில் நாமே ஆள் செய்து பெயர் வைக்கலாம் என்று கணக்கப்பிள்ளை மகன் கண்டுபிடித்தார். உயரம், தலைமயிர், நிறம், சட்டை எண் எல்லாம் நம் விருப்பம். பெயரை ஆங்கில எழுத்தில் போடலாம். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கோஷ்டியில் எல்லாருக்கும் ஆள் செய்தார். லொறிக்காரருக்குச் செய்த பிறகு, லொறிக்காரர் கொஞ்சம் தயங்கி, தம்பிக்கும் ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். அவருடைய தம்பி கொழும்பில் கடை வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்துப் போயிருந்தான். முன்பு இந்தக் கடைக்கு வந்து ஆடியவன்தான். கணக்கப்பிள்ளை மகன் மறுக்கவில்லை. சுருட்டை முடி வைத்து, ஏழாம் நம்பர் சட்டை போட்டு, அந்தத் தம்பியைச் செய்து கொடுத்தார். அதில் அவர் குறை வைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக என் பக்கம் திரும்பி, "ஒனக்கும் பேரு போட்டாச்சு பாரு" என்றார்.

திரையில் மொட்டைத் தலையோடு ஒரு குள்ளன். அவன் தலைக்கு மேல் ஆறு எழுத்து. என் பெயரை டிவியில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. அந்தக் குள்ளனை அவர்கள் முதலில் இறக்கமாட்டார்கள். ஜெயிப்பது உறுதியான பிறகு, கடைசி ஐந்து நிமிடத்துக்கு இறக்குவார்கள். அவன் ஓடும்போது வாங்கு முழுக்கச் சிரிப்பு. அவன் ஓடும் அழகைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். உண்மையிலேயே அவன் ஓட்டம் சிரிப்பாகத்தான் இருக்கும். நானும் சிரித்தேன். இப்படி எட்டு மாதம்.

அந்த ஆறு எழுத்தையும் ஒரு சிகரெட் பெட்டியின் உள்தாளில் பார்த்து வரைந்துகொண்டேன். ஸ்டோரிலிருந்து கொஞ்சம் கறுப்பு மை எடுத்து வந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பரா அறையின் கதவில், நிலைக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக அழகாக எழுதினேன். அம்மாவிடம், "இதுதான் இங்கிலீஸ்ல என் பேரு" என்றேன். அம்மா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, கை நடுங்காம எழுதியிருக்க" என்றார். பக்கத்துக் காம்பராக்காரர்களும் வந்து பார்த்தார்கள். எங்கள் லயத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் கிடையாது.

மூன்று வாரம் கழித்துத் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் எங்கள் லயத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகளின் வீடுகளைத் தேடி வந்தவர், எங்கள் கதவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"தம்பி, இது ஆர் எழுதினது?"

"நான்தான் சேர்."

"என்னத்துக்கு இப்பிடி எழுதி வச்சிருக்கிறீர்?"

"என் பேரு சேர்."

அவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்குக் கேட்காத மாதிரிச் சொன்னார்.

"தம்பி, குறை நினையாதையும். இதில கழிவு எண்டெல்லோ எழுதிக் கிடக்கு. ஆர் உமக்கு இதைச் சொல்லித் தந்தது?"

கழிவு என்றால், தூளைச் சலித்து ரகம் பிரித்த பிறகு மிஞ்சும் குப்பை. தண்டும் நாரும் மண்ணும். விற்க முடியாதது. அதைக் கூட்டி அள்ளுவதுதான் என் வேலை என்று கணக்கப்பிள்ளை மகனுக்குத் தெரியும்.

மாஸ்டர் போன பிறகு மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். ஸ்டோர் மை லேசில் போகாது. அது மூட்டையோடு கப்பலேறிப் போகச் செய்த மை. கடைசியில் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினேன். எழுத்து போய், சுரண்டின தடம் எழுத்தின் உருவத்திலேயே நின்றது. "ஏன்டா நல்லா இருந்தத அழிச்ச?" என்று அம்மா கேட்டார். எழுத்து கோணலாக வந்துவிட்டது என்றேன். அம்மா சாகும்வரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

லொறிக்காரரைச் சந்தையில் பார்த்தபோது கேட்டேன்.

"அண்ணே, அந்தப் பேரு என்னான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் லொறிச் சக்கரத்தைக் காலால் தட்டிக்கொண்டு நின்றார். "மொதல்ல தெரியாது தம்பி. பொறவு தெரிஞ்சிச்சி. சொல்லச் சங்கடமா இருந்திச்சி."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்பா."

எட்டு மாதம் ஆறு பேர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் அதை அப்போதே மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

அதன்பிறகு ஞாயிறு பெரட்டுக்குப் போவதை நிறுத்தினேன். ஆனால் கேமை விட முடியவில்லை. ஸ்டோரில் இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வெளியே வந்தால் நேரே கடைக்குப் போவேன். அந்த நேரத்தில் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். முதலாளி சாம்பிராணி காட்டிவிட்டு மெஷின்களின் தூசியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் புது சீடீ வந்தது. அதே ஃபுட்போல் கேமின் அடுத்த வருடத்துச் சீடீ, அதே ஜப்பான் எழுத்து. முதலாளி கொழும்புக்குப் போய்த் தேடி வாங்கி வந்து, கோஷ்டிக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நடு டிவியில் போட்டுக் காட்டினார். அவர்கள் அரை மணி நேரம் கூட ஆடவில்லை. முதலாளி எனக்குச் சொல்லிச் சொல்லி நொந்துபோனார்.

"பந்து பாரமா இருக்காம். ஓடுறவன் கூடையத் தூக்கிக்கிட்டு மலை ஏறுறவன் மாதிரி குனியிறானாம். கோலி கீப்பரு மொகம் சரியில்லையாம். யோவ், கோலி கீப்பரு மொகத்த நீ கல்யாணமா பண்ணப் போற? ஒரு பயலும் தொட மாட்டேங்குறான். நீயாவது ஆடிப் பாரு தம்பி."

ஆடிப் பார்த்தேன். அருமையான கேம். பந்து பாரமாக இருந்தது உண்மைதான், நிஜப் பந்து மாதிரி. உயரமாகத் தூக்கிப் போட்டுத் தலையால் அடிக்கும் வேலை இதில் எடுபடாது. பின்னால் தட்டி, தரையோடு விட்டால்தான் கோல். எனக்கு என்று செய்த மாதிரி இருந்தது. அவர்கள் ஏன் அதைத் தொடமாட்டேன் என்கிறார்கள் என்பது முதல் நாளே எனக்கு விளங்கியது. பந்தும் முகமும் சும்மா சொல்லும் சாட்டு. இவ்வளவு காலம் பெரிய ஆளாக இருந்தவர் ஒரு நாளைக்காவது சின்ன ஆளாகத் தோற்றுப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் மனம் வரவில்லை. படியின் உச்சியில் நின்று பெயர் கூப்பிடுகிறவர், எந்தப் பொத்தான் எதற்கு என்று மற்றவனைக் கேட்க முடியுமா?

ஒரு காலையில் போட்டி ஒன்றைத் தொடங்கலாம் என்று கடையின் பொதுக் கார்டைப் போட்டு, பழக்கத்தில் பழைய எண்ணிக்கையை அழுத்தினேன். கீழே மூன்று, வட்டம், இடது ஒன்று, வட்டம். திரையில் ஒரு சிவப்புப் பட்டை ஓடியது. பிறகு பட்டியல் வெறுமையாக நின்றது. அந்தக் கார்டில் வேறு யாரோ கார் ஓட்டிச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. புது சீடீயில் எல்லாம் இடம் மாறியிருந்தது. பழையதில் திறக்கும் இடம் எதுவோ, புதியதில் அது அழிக்கும் இடம்.

பயந்துபோய் முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துச் சிரித்தார்.

"பரவால்ல விடு. சின்னப் பயலுக கார் ஓட்டுனது. மறுபடி ஓட்டுவானுக. ஆனா ஒண்ணு, அந்த நடு டிவிக்காரனுகளக் கண்டா சொல்லிடு. அவனுகளும் ஒருநா இல்லாட்டி ஒருநா இதத் தொடத்தான் போறானுக. கார்டு போச்சின்னா என்னயப் போட்டுத் திம்பானுக. நான் மறந்துருவேன், நீ சொல்லிடு."

"சரிங்க மொதலாளி" என்றேன்.

படி இறங்கும்போதே நான் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தூக்கம் கண்ணை அழுத்தியும், லயம் வரைக்கும் நடந்து போகும்போது களைப்பே தெரியவில்லை.

இரண்டு மாதம் காத்திருந்தேன். பழைய சீடீ தேய்ந்து, நடுவில் படம் நின்றுபோகத் தொடங்கியது. அவர்கள் அதை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துத் துடைத்துப் போட்டார்கள். பற்பசை தடவிக் கழுவிப் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்து ஊர்க் கந்தப்பளைக்காரர்களிடமிருந்து ஆள் வந்தது. அங்கேயும் ஒரு கேம் கடை உண்டு. அங்கே எல்லாரும் புது சீடீக்கு மாறி மாதக்கணக்காகியிருந்தது. ராகலைக்காரர்களோடு போட்டிக்கு வரலாமா என்று கேட்டனுப்பினார்கள். புதியதில்தான் ஆடுவோம் என்றும் சொன்னார்கள். மறுத்தால் பயம் என்று ஆகிவிடும். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு என்று நாள் குறித்தார்கள்.

அன்று நானும் போனேன். படிக்கட்டு வரைக்கும் ஆள். கந்தப்பளையிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் தொப்பி போட்ட ஒருவன் எல்லாரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். கணக்கப்பிள்ளை மகன் நடு டிவி முன்னால் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கோஷ்டியின் கார்டை எடுத்தார். ஒரு பழைய மருந்து டப்பாவில் பஞ்சு வைத்து அதற்குள் வைத்திருந்தார்.

"எங்க ஆளுக எல்லாம் இதுல இருக்காங்க. எந்த சீடீயா இருந்தா என்ன? இவங்கள வச்சித்தான் ஆடுவோம்."

"புதுசுல அது தெறக்குமான்னு தெரியலையே ப்ரோ" என்றான் தொப்பிக்காரன்.

"கார்டு ஒண்ணுதானே. தெறக்கும்."

அது திறக்காது என்பது எனக்குத் தெரியும். திறக்காவிட்டாலும் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. எண்ணிக்கையை அழுத்தினால்தான் ஆகும்.

அப்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"அடே, அஞ்சாம் வகுப்பு! எங்கடா போயிருந்த? புது சீடீல நீ பெரிய ஆளாமே, மொதலாளி சொன்னாரு."

நான் கதவோரம் நின்றேன். லொறிக்காரர் குனிந்து அவரிடம் சொன்னார். "எதுக்கும் ஒரு தடவ அவனக் கேட்டுட்டுப் போடுங்களேன். அவன் இதுலதானே தெனம் ஆடுறான்."

"யாருகிட்ட? கழிவுகிட்டயா?"

அறை முழுக்கச் சிரித்தது. கந்தப்பளைக்காரர்களுக்கு எதற்கென்று தெரியாது, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குத் தெரியும் என்பதும், லொறிக்காரர் வழியாக இருக்க வேண்டும், அவருக்குத் தெரிந்திருந்தது.

"இதெல்லாம் கண்ண மூடிக்கிட்டு அழுத்துவேன்ணே. பாருங்க எல்லாரும்" என்று சொல்லி, உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டார். பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். கோஷ்டி ஒரே குரலில் சொல்லத் தொடங்கியது. கீழே ஒன்று. கீழே இரண்டு.

ஒரு சொல் சொல்ல நேரம் இருந்தது. "நில்லுங்க" என்றால் போதும். என் கண் லொறிக்காரர் மேல் போனது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், தம்பி வருவான் என்று. அந்தச் சுருட்டை முடியும் ஏழாம் நம்பரும் எனக்கு அந்த நேரத்தில் நினைவு வராமல் இல்லை. நன்றாக வந்தது. சற்று முன் எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான் என்பதும் வந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே மூன்று. வட்டம். இடது ஒன்று. வட்டம்.

சிவப்புப் பட்டை ஓடியது. அவர் கண்ணைத் திறந்து சிரித்தபடி, "பாத்தீங்கல்ல?" என்றார். பட்டியல் வெறுமையாக நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் வெறுமை. கார்டைக் கழற்றி ஊதிவிட்டுப் போட்டார். பக்கத்து மெஷினில் போட்டுப் பார்த்தார். பழைய சீடீயைப் போட்டுப் பார்த்தார். தொப்பிக்காரன்தான் கடைசியில் மெதுவாகச் சொன்னான். "ப்ரோ, நீங்க அழிச்சிட்டீங்க."

அவருடைய காது சிவந்ததைப் பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன். ஒன்றையும் விடாமல் பார்த்தேன். எத்தனையோ பேர் கூடியிருந்த இடத்தில், தன் கையாலேயே, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு செய்தார். நான் இரண்டு மாதம் யோசித்திருந்தாலும் அந்தக் கண் மூடுவதை யோசித்திருக்கமாட்டேன். அது அவராகவே சேர்த்துக் கொடுத்தது. அந்தக் கார்டோடு மொட்டைத் தலைக் குள்ளனும் அவன் தலைக்கு மேல் இருந்த ஆறு எழுத்தும் போய்ச் சேர்ந்தன.

போட்டியில் கந்தப்பளைக்காரர்கள் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். எங்கள் ஆட்கள் ஓரமாக ஓடித் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். ஒரு தலையும் பந்தில் படவில்லை. முதலாளி என்னை ஒரு தடவை பார்த்தார். "சொல்லலையா?" என்று கேட்கும் பார்வை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் அதைப் பற்றிப் பிறகும் கேட்கவில்லை.

லொறிக்காரர் போட்டி முடியும்வரை நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

மூன்றே வாரத்தில், லொறிக்காரர் தவிர, அந்தக் கோஷ்டி முழுக்கப் புது சீடீக்கு மாறிவிட்டது. மாறின பிறகு அதைப் போல ஒரு கேம் உலகத்திலேயே இல்லை என்று பேசினார்கள். அதற்கடுத்த வருடம் இன்னொரு சீடீ வந்தபோது, "இதுல பந்து இலேசா இருக்கு" என்று சொல்லி அதையும் தொடமாட்டேன் என்றார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வெறும் பிடிவாதம், அவ்வளவுதான் என்று ஆறில் ஐந்து பேரைப் பற்றிச் சொல்வேன்.

லொறிக்காரரைப் பற்றிச் சொல்லமாட்டேன். அவர் பழையதை விடாமல் இருந்ததற்கு வேறு காரணம் இருந்தது. அந்தத் தம்பி பழைய சீடீயில் மட்டும்தான் ஓடினான். ஒரு மாதம் கழித்து நான் புதுக் கார்டு ஒன்று வாங்கி, சுருட்டை முடி, ஏழாம் நம்பர் சட்டை, எல்லாம் வைத்து ஓர் ஆள் செய்தேன். எழுத்துகளை மாஸ்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போய்ப் பெயரும் போட்டேன். மூன்று முறை சரிபார்த்தேன். லொறிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்க தம்பி" என்றார். பிறகு, "அந்தப் பழைய ஆளு ஒரு வருசம் நம்மோட ஆடுன ஆளு. பதினாறு கோலு போட்டிருந்தான். இது வேறப்பா, இது நேத்து வந்தவன்" என்றார். என் தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனார். அதன்பிறகு அவர் அந்தப் படி ஏறவில்லை. எல்லாம் தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அவர் இல்லை.

கணக்கப்பிள்ளை மகனிடம் சொன்னேன். அது ஏழெட்டு வருடம் கழித்து. கேம் கடை மூடப்பட்டு அந்த இடத்தில் ஃபோன் விற்கும் கடை வந்துவிட்டது. அவர் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தார். கோயில் திருவிழாவுக்கு வந்தவர், ராகலை டவுனில் என்னைக் கண்டதும் தோளில் கைபோட்டுத் தேத்தண்ணிக் கடைக்குள் இழுத்துப் போனார். நுவரெலியா பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. வடைத் தட்டு வந்தது.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். மகனுக்கு வீட்டில் பெரிய மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். அதில் ஆட்கள் நிஜ மனிதன் மாதிரி வேர்த்து வழிகிறார்களாம். "ஆனா அதுல என்னடா இருக்கு? நம்ம பழைய சீடீ மாதிரி வராது. அந்தக் கார்டு இருந்திச்சே, அது போனப்பவே எனக்கு எல்லாம் போச்சி. எல்லாம் அந்தப் புது சீடீ செஞ்ச வேல."

பிறகு கார்டில் இருந்த ஒவ்வொருவனையும் சொன்னார். யாருக்கு எந்த முடி, எந்தச் சட்டை, எந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை கோல். ஒன்றைக்கூட மறக்கவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார்.

"எனக்கு என்னா பேரு போட்டிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஒன் பேரத்தானேடா போட்டோம்" என்றார், வடையை மென்றுகொண்டே. பொய் சொல்லவில்லை. அவருடைய முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். உண்மையிலேயே மறந்திருந்தார்.

அதுவரைக்கும் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

"அந்தக் கார்டு அழியும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"என்னது?"

"மூணு கீழ, வட்டம், எடது ஒண்ணு. புதுசுல அது அழிக்கிற எடம். ரெண்டு மாசத்துக்கு முந்தியே தெரியும். மொதலாளி ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு."

மெல்லுவது நின்றது. "நீ அங்கதானேடா நின்ன? கதவுகிட்ட?"

"ஆமா."

"ஏன்டா சொல்லல?"

நான் அவரை நேராகப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒருவரை அப்படிப் பார்த்தது குறைவு.

"சொல்லல" என்றேன்.

காரணத்தைக் கேட்டுக் காத்திருந்தார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். கழிவு என்ற சொல்லை எடுத்துக் கொடுத்திருந்தால், மன்னிப்புக் கேட்டு இலேசாகப் போயிருப்பார். எதற்கு என்று தெரியாமலே போகட்டும் என்று விட்டேன். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. எழுந்தார், மறுபடி உட்காரப் பார்த்தார், பிறகு குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். பஸ் ஜன்னலிலிருந்து கடைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அவர் தட்டில் ஒரு வடையும் கொஞ்சம் சம்பலும் மிச்சம் இருந்தது. இழுத்து வைத்துச் சாப்பிட்டேன்.